பெண்கள் பக்கத்து விசில்

குற்றாலத்தில் சீசன் பிறந்துவிட்டால் உள்ளூர்க்காரர்கள் அருவிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். கேட்டால், கூட்டம் குறையட்டும் என்பார்கள். கூட்டம் குறையும்போது தண்ணீரும் குறைந்து பாறையில் நூல் பிடித்த மாதிரி வழிந்துகொண்டிருக்கும். சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். மதுரைக்காரனும் கொல்லத்துக்காரனும் வேன் பிடித்து வந்து குளித்துவிட்டுப் போகிற அருவியில், கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறவன் தலை நனைத்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். எங்கள் ஊர்ப் பெருமை அப்படி.

இந்தப் பெருமையில் ஆவுடைத்தாயை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் நின்றதே அருவிக்கு அடியில்தான். மெயின் அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பெண்கள் பக்கத்தில் சீசன் முழுக்கக் காவல் நிற்பது அவள் வேலை. போலீஸில் தலைமைக் காவலர், ஊர் வாயில் ஏட்டம்மா. தலையில் தொப்பி, உடம்பில் மழைக்கோட்டு, வாயில் விசில். சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது.

கூட்டத்தை உள்ளே விடுவது பெரிய காரியம் இல்லை. வெளியே எடுப்பதுதான் காரியம். தண்ணீருக்கு அடியில் போன பெண்பிள்ளை லேசில் வருவாளா? வீட்டில் மாமியாருக்குப் பயந்தவளாக இருக்கட்டும், ஆபீஸில் நாலு பேரை மிரட்டுகிறவளாக இருக்கட்டும், அங்கே எல்லோருக்கும் ஒரே வயசு, ஒரே கூச்சல். விசில் அடித்தால் முதுகைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் ஆவுடைத்தாய் துணியின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவாள். மஞ்சச் சேலை, போதும். ஊதாச் சுடிதார், கம்பியை விடு. நிறத்தைச் சொல்லிவிட்டால் தப்பிக்க வழியில்லை, பக்கத்தில் நிற்பவளே பிடித்துத் தள்ளிவிடுவாள். அப்போதும் கடைசியாக ஒரு கெஞ்சல் வரும்.

"யக்கா, இன்னும் ஒரே ஒரு நிமிஷம்க்கா."

அதற்கு அவளிடம் ஒரு பதில் தயாராக உண்டு. "நாளைக்கும் தண்ணி விழும். வா வெளிய."

இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அடுத்த வருஷம் வரும்போது, ஏட்டம்மா சொன்ன மாதிரியே தண்ணீர் விழுகிறது என்று அவளிடமே வந்து கேலி பேசிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

அப்படிப்பட்டவள் வேலையை விட்டுவிடுவதென்று முடிவு செய்தாள்.

காரணம் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை. பக்கத்து ஊரான வடகரையில் சொந்த வீடு, நாலு தென்னை, வயல். புருஷன் முத்துச்செல்வம் ராணுவத்தில், வடக்கே. மகள் குழல்வாய்மொழி பிளஸ் ஒன் படிக்கிறாள், நல்ல பிள்ளை. பிறகு என்ன கேடு என்று ஊர் கேட்கும். அவளும் அதைத்தான் தன்னைக் கேட்டுக்கொண்டாள். கோழி கூவும் முன்பே முழிப்புத் தட்டிவிடும். எழுந்திருக்கத் தெம்பு இருக்காது. சோறு உள்ளே இறங்கும், ருசி இறங்காது. மகள் எதையாவது சொல்லிச் சிரித்தால், இவளுக்கு எரிச்சல் வரும். எரிந்து விழுந்த பிறகு தன்மேலேயே வெறுப்பு வரும். அழுகைகூட வரவில்லை, அதுதான் விசேஷம். அழுதாலாவது ஏதோ கஷ்டம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த தெருவில் இருக்கும் அக்காவிடம் ஒருநாள் வாயைத் திறந்து சொன்னாள். அக்கா நல்லவள். நல்லவர்கள் சொல்வதெல்லாம் நல்லதாக இருக்க வேண்டும் என்று சட்டமா?

"ஊரு உலகத்துல புத்தி பேதலிச்சவனை எல்லாம் குத்தாலத்துக்குக் கூட்டிட்டு வந்து தண்ணிக்கு அடியில நிறுத்துதாவ. நீ அங்கனயே நிக்கே. உனக்கு என்னட்டி வந்துச்சு?"

வேறு ஊர்க்காரியாக இருந்தால் இந்தப் பேச்சைத் தட்டிவிட்டுப் போயிருப்பாள். ஆவுடைத்தாய் குற்றாலத்துச் சீமைக்காரி. நோயாளிகள் தேடி வருகிற இடத்தில் நின்றுகொண்டே தனக்கு மனசு சரியில்லை என்றால், கோளாறு நோயில் இல்லை, தன்னில்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். மருந்துக்கடைக்காரனுக்குக் காய்ச்சல் வரக் கூடாது என்பது போன்ற ஒரு நியாயம். ஆனால் மனசு சோர்ந்தவளுக்குத் தனக்கு எதிரான நியாயம் எல்லாமே பளிச்சென்று புரியும், தனக்குச் சாதகமானதுதான் விளங்காது.

சீசனுக்கு முன்னால் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போலீஸ்காரர்களுக்கு மனநலக் கூட்டம் போட்டார்கள். பாதியில் டீ குடிக்க நழுவுகிறவர்களைத் தடுப்பதற்கு வாசலில் ஆவுடைத்தாயை நிறுத்தினார் இன்ஸ்பெக்டர். கூட்டத்தில் பேசியது ரூபி என்ற பெண், தென்காசிக்காரி, மனநல ஆலோசகர், முப்பது வயசு இருக்கும். தலையில் போட்ட கிளிப் நழுவி நழுவி விழ, அதை எடுத்து மாட்டிக்கொண்டே பேசினாள். மனச்சோர்வு என்பது எப்போதும் அழுதுகொண்டிருப்பது இல்லை, விடியுமுன் முழிப்பு வருவது, பிடித்தது பிடிக்காமல் போவது, எரிச்சல், தான் எதற்கும் உதவாதவள் என்ற நினைப்பு, இதெல்லாமும் அதுதான் என்றாள். சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை, இது நோய், சரிசெய்யலாம் என்றாள். உள்ளே உட்கார்ந்திருந்த முக்கால்வாசிப் பேர் செல்போனில் இருந்தார்கள். வாசலில் நின்றவள் மட்டும், இந்தப் பொண்ணு எப்போது நம் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போனாள் என்று திகைத்து நின்றாள். அன்று டீக்கு நழுவியவர்களை அவள் தடுக்கவே இல்லை.

ரூபியின் அறை ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் இருந்தது. ஆவுடைத்தாய் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துப் படியேறியதில், கீழே பக்கத்து டீக்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "என்ன ஏட்டம்மா, மாடியில ரெய்டா?" என்று கேட்டே விட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

முதல் நாள் ரூபி கேட்டதற்கெல்லாம் ஆமா, இல்ல, தெரியாது என்ற மூன்று வார்த்தைகளில் பதில் சொன்னாள். விசாரணைக்கு வந்தவர்கள் அப்படித்தானே சொல்வார்கள், பார்த்துப் பழகிய பழக்கம். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று ரூபி சுற்றி வளைக்காமல் கேட்டபோதுதான் முழு வாக்கியம் வந்தது.

"சாகணும்னு இல்ல மேடம். காலையில முழிக்காமப் போனா நல்லாருக்கும்னு தோணுது." மேலும் சொன்னாள். "அங்கன ஒவ்வொருத்தியும் இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம்னு கெஞ்சுதா. எனக்கு எதுலயுமே இன்னும் ஒரு நிமிஷம் வேணும்னு தோணல. அந்த ஆசை எப்பிடி இருக்கும்னே மறந்துபோச்சு."

ரூபி அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நினைப்பு பலமானால் எந்த நேரமும் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று வாக்கு வாங்கினாள். அக்காவுக்கும் தெரியட்டும் என்று ஒப்புதல் கேட்டாள். மனநல டாக்டரிடம் அனுப்பினாள். டாக்டர் மாத்திரை எழுதினார். மாத்திரை என்றதும் ஆவுடைத்தாய்க்கு மூஞ்சி போன போக்கைப் பார்த்து ரூபி சொன்னது இது: "செங்கோட்டையில ரயிலு மலையேறும்போது பின்னால ஒரு இன்ஜின் மாட்டுவாவல்லா, அதான் மாத்திரை. தள்ளிவிடும். முன்னால இழுக்குத இன்ஜின் நீங்கதான்."

வேலையை விடுகிற யோசனையையும் ரூபி கேட்டுக்கொண்டாள். விடாதே என்று சொல்லவில்லை. இந்த மனநிலையில் பெரிய முடிவு எதுவும் எடுக்க வேண்டாம், சீசன் முடியட்டும், அன்றைக்கும் விடத் தோன்றினால் விடுங்கள் என்றாள். சீசன் முடிகிற வரைதானே என்று ஆவுடைத்தாயும் சம்மதித்தாள். வேலை போனால் என்ன, இருந்தால் என்ன என்ற நிலைமையில் தவணை கொடுப்பது ஒரு கஷ்டமா?

அடுத்த முறை போகும்போது சின்ன வயசுக் கதையெல்லாம் கேட்பார்கள் என்று தயாராகப் போயிருந்தாள். டிவியில் அப்படித்தான் பார்த்திருந்தாள். ரூபி கேட்கவே இல்லை. இவளே விடாமல் கேட்டாள், எங்க அய்யா அடிச்சதெல்லாம் கேக்கலியே என்று. அப்படியும் ஒரு வழி இருக்கிறது, வேண்டியவர்களுக்கு அதுவும் நல்ல வழிதான் என்றாள் ரூபி. "கிணத்தைத் தூர் வாருதது மாதிரி. மெதுவா வாரலாம். இப்போ உங்களுக்குக் குடிக்கத் தண்ணி வேணும்லா?" முன்பு எது பிடிக்கும் என்று கேட்டாள். யோசித்து யோசித்து, கேரள எல்லைப் பக்கம் புளியறைக்கு ஸ்கூட்டியில் போய் மலைக்காற்றில் நின்று பால் விடாத ஒரு கட்டன் சாயாவும் பழம்பொரியும் சாப்பிடப் பிடிக்கும் என்று கண்டுபிடித்தார்கள். சரி, வாரம் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள் என்றாள் ரூபி.

"சட்டியில இருந்தாத்தான மேடம் அகப்பையில வரும்? ஆசையே இல்லாம எதுக்குப் போகணும்?"

"ஆசை வந்தபிறகு போகலாம்னு இருந்தா அது வரவே வராது. நீங்க முதல்ல போங்க. ஆசை மெல்லப் பின்னால வரும்."

இதற்கா படித்துப் பட்டம் வாங்கினாள் என்று நினைத்துக்கொண்டே ஆவுடைத்தாய் போனாள். செக்போஸ்ட் பக்கம் லாரிகள் வரிசையாக நின்றன. பழம்பொரி மண்ணைத் தின்றது போல இருந்தது. வந்து அப்படியே புகார் கொடுத்தாள். போனியளா, சாப்பிட்டியளா என்று மட்டும் ரூபி கேட்டாள். ஆமாம் என்றதும் பரீட்சையில் பாஸானவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அடுத்த முறையும் மண். அதற்கடுத்த முறையும் அப்படித்தான். மாத்திரையும் வேலையைத் தொடங்கி, தூக்கம் கொஞ்சம் நீண்டது. ஒருநாள் ஆவுடைத்தாய் படியேறி வந்ததுமே படபடவென்று பொரிந்தாள். கடைக்காரன் பழுக்காத பழத்தைப் போட்டுவிட்டானாம், எண்ணெய் பழசாம், சீனியை அள்ளிக் கொட்டி ஏமாற்றப் பார்த்தானாம். கேட்கக் கேட்க ரூபியின் முகம் மலர்ந்தது.

"யக்கா, நாக்கு திரும்பி வந்துட்டு," என்றாள்.

அன்றைக்குத்தான் ரூபி முதல்முதலாக அவளை அக்கா என்று கூப்பிட்டாள். குறை சொல்வதற்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்து ஆவுடைத்தாய் பார்த்ததில்லை. அன்று இரண்டு பேருக்கும் கீழேயிருந்து டீ வரவழைத்துக் குடித்தார்கள், அதிலும் ஒரு குறை கண்டுபிடித்தாள்.

பிறகு புருஷன் விஷயம் வந்தது. முத்துச்செல்வம் வீடியோவில் கூப்பிடும்போது என்ன பேசுவீர்கள் என்று ரூபி கேட்டாள். நல்லாருக்கியா என்பான், நல்லாருக்கேன் என்பாள், நீங்க நல்லாருக்கியளா என்பாள், நல்லாருக்கேன் என்பான். இரண்டு பக்கமும் ஒரே பல்லவி. மனசுக்கு நெருங்கினவர்களிடம் நிஜத்தைப் பேசாமல் பேசாமலே மனசு வறண்டுபோவது உண்டு, அதைச் சரிசெய்வதும் ஒரு சிகிச்சைதான் என்றாள் ரூபி. அடுத்த போனில் ஒரே ஒரு உண்மையான வாக்கியம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை.

திருடனைத் துரத்திப் பிடிப்பதற்கு இவ்வளவு தைரியம் தேவைப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. நல்லாருக்கியா என்றான். நல்லா இல்லங்க, ரொம்ப நாளா நல்லா இல்ல, டாக்டர்ட்ட போயிட்டு இருக்கேன் என்றாள். ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக மூன்று வந்துவிட்டது. அந்தப் பக்கம் முகம் அசையாமல் நின்றது. நெட்வொர்க் போய்விட்டது என்று அவள் போனை ஆட்டிப் பார்த்தாள். போகவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கும் பனியில இருந்த வருஷம் அப்பிடித்தான் ஆவுடை இருந்துச்சு. அங்கன ஒரு டாக்டர்தான் பேசிப் பேசிச் சரி பண்ணாரு. நீ பயந்துருவியோன்னு சொல்லல."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. இதை முன்பே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று நன்றாகத் திட்டினாள். திட்டி முடித்ததும் அழுகை வந்தது. எத்தனையோ மாதமாக வராத அழுகை, வந்தது சுகமாக இருந்தது. குழல்வாய்மொழி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். அம்மா அழுகிறாள், அப்பா அழுகிறார், இரண்டு பேரும் சிரிக்கவும் செய்கிறார்கள். பெரியவர்களைப் புரிந்துகொள்ள முடியாது என்று அவள் மறுபடி புத்தகத்தைத் தேடிப் போனாள்.

இவ்வளவு தேறியும் ஒன்று மட்டும் அசையவில்லை. தான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு, ஆணி அடித்த மாதிரி நின்றது. சாரல் காற்று ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்த ஒருநாள் ரூபி அதைக் கையில் எடுத்தாள். லாயக்கில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டாள். ஆவுடைத்தாயிடம் ஆதாரத்துக்கா பஞ்சம்? சோறு தீய்ந்தது, மகளுக்குக் கணக்கில் மார்க் குறைந்தது, போன சீசனில் ஒருத்தி தன் கண்முன்னால் வழுக்கி விழுந்து முட்டி பெயர்ந்தது, எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தாள். ரூபி தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

"சரிக்கா. இந்தக் கேஸ்ல குற்றவாளி யாரு?"

"நாந்தான்."

"சாட்சி?"

"நாந்தான்."

"விசாரிச்சு எழுதுன போலீஸ்?"

நாந்தான் என்று வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். இருபது வருஷத்துக்கு மேல் உடுத்திய காக்கி அவளுக்குள்ளே எழுந்து நின்றது. "ஏம்மா," என்றாள் மெதுவாக. "போலீஸ்கிட்ட குடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டுல செல்லாதுல்லா?"

ரூபிக்கு அந்தச் சட்டம் தெரியாது. அடித்து மிரட்டி எழுதி வாங்கியிருக்கலாம் என்பதால் அதைக் கோர்ட் ஏற்காது என்று ஆவுடைத்தாய் விளக்கினாள். விளக்கிக்கொண்டிருக்கும்போதே, தன்னைத் தானே மிரட்டி எத்தனை ராத்திரி எழுதி வாங்கியிருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது. சிரிப்பு வந்தது. இவள் சிரிக்க, ரூபி சிரிக்க, ரூபியின் கிளிப் கழன்று விழ, அதைப் பார்த்து மறுபடி சிரிப்பு. கீழே டீக்கடைக்காரர் ரெய்டு முடிந்ததா என்று அண்ணாந்து பார்த்தார்.

சிரித்து ஓய்ந்த பிறகு ரூபி விடவில்லை. அந்த வாக்குமூலம் செல்லாது என்றால் வேறு சாட்சி வேண்டும், தேடிப் பார்த்துவிடலாம் என்றாள். ஆவுடைத்தாயின் மனசில் கிடந்தது இதுதான்: தான் ஒருநாள் அருவியில் இல்லாவிட்டால் ஒருத்தியும் தேட மாட்டாள், அங்கே யார் நின்று விசில் அடித்தாலும் ஒன்றுதான். அப்படியானால் ஒருநாள் லீவு போட்டு, சாதா உடுப்பில், குளிக்க வந்தவளாகப் போய் நின்று பாருங்கள் என்றாள் ரூபி.

"தேடலேன்னா?"

"தேடலேன்னா என்ன ஆகுதுன்னும் பாத்துட்டு வாங்க."

"அருவியில குளிச்சாச் சரியாயிரும்ங்கியளா? எங்க அக்காவும் அதைத்தான சொன்னா."

"அருவியில குளிச்சுச் சரியாகும்னா எனக்கு இந்த ரூம் வாடகை மிச்சம்," என்றாள் ரூபி. குளிக்க நினைத்தாலும் முடியாமல் கிடந்த நாளும் உண்டு, இன்றைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றுகிறதே, அந்தத் தூரத்தை நீங்கள்தான் நடந்து வந்தீர்கள் என்றும் சொன்னாள்.

சீசனின் கடைசி வாரம். மறுநாள் ரூபிக்கு முடிவு சொல்ல வேண்டிய நாள். ஆவுடைத்தாய் மகளுடைய பச்சைச் சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். குழல்வாய்மொழிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து அருவிக்கரைக் கோயில் அம்மன் பெயரை வைத்துக்கொண்டு, அம்மாவோடு ஒருநாளும் அங்கே குளித்ததில்லை என்று ஸ்கூட்டியில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். இதைச் சொல்ல இவ்வளவு காலம் காத்திருந்தாயா என்று கேட்க நினைத்து ஆவுடைத்தாய் கேட்கவில்லை. மனசில் இருப்பதைச் சொல்லாத இரண்டு பேருக்குப் பிறந்தவள்தானே அவள்.

அருவிக்கரையில் ஹைருன் பீவி கடை போட்டிருந்தாள். துண்டு, ஷாம்பு, செல்போனைப் போட்டுவைக்க பிளாஸ்டிக் உறை. தினமும் ஏட்டம்மாவோடு வெற்றிலை பகிர்ந்துகொள்கிறவள். ஆவுடைத்தாய் முன்னால் போய் நின்று உறை கேட்டாள். ஹைருன் பீவி நிமிர்ந்து பார்த்தும் அடையாளம் தெரியாமல், வெளியூர்க்காரிகளுக்குச் சொல்கிற விலையைச் சொன்னாள். ஆவுடைத்தாய் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாள். முதல் சாட்சி கவிழ்ந்தது.

வரிசையில் நின்றார்கள். பெண்கள் பக்கத்தில் அன்று ஜெயபிரியா நின்றாள். வேலையில் சேர்ந்து அதிகக் காலம் ஆகாதவள், ஆவுடைத்தாய்தான் கூட வைத்துக்கொண்டு பழக்கியிருந்தாள். சின்னப் பெண், திணறுவாள், கூட்டம் அவளை ஏய்த்துவிடும் என்று ஆவுடைத்தாய் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. விசில் கணீரென்று கேட்டது. உள்ளே விட்டவர்கள் நேரத்துக்கு வெளியே வந்தார்கள். எங்கே அந்த ஏட்டம்மா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. மதுரை கேட்கவில்லை, கொல்லம் கேட்கவில்லை. தான் நினைத்தது அத்தனையும் நிஜம்தான் என்று ஆகிவிட்டது. நெஞ்சு பழையபடி கனக்கப் போகிறது என்று அவள் காத்திருந்தாள். கனக்கவில்லை. இவ்வளவு பெரிய அருவியைத் தான் ஒருத்தியே தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை போலிருக்கிறதே என்று ஒரு நினைப்பு வந்தது, அது இதமாகவே இருந்தது.

"எம்மா, வா," என்று மகள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

தண்ணீர் தலையில் விழுந்தது. விழுந்தது என்றா சொல்வது, நாலு பேர் சேர்ந்து முதுகில் குத்தியது போல இருந்தது. மூச்சு நின்று திரும்பி வந்தது. வலது பக்கம் ஒரு சிவப்புச் சேலை, இடது பக்கம் ஒரு நைட்டி, முன்னால் யாரோ ஒருத்தியின் முழங்கை. சிவப்புச் சேலை கைப்பிடிக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு மற்றவர்களை உள்ளே விட மறுத்தது. ஆவுடைத்தாய் தன்னை மறந்தாள். "சேப்புச் சேலை, போதும், தள்ளி நில்லு," என்று ஒரு அதட்டல் போட்டாள். சிவப்புச் சேலை நடுங்கிப்போய் நகர்ந்தது. குழல்வாய்மொழி சிரித்த சிரிப்பில் அவள் வாய்க்குள் அருவியே போய்விட்டது. இருமலும் சிரிப்புமாக அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆவுடைத்தாயும் சிரித்தாள். தலைமுடி அவிழ்ந்து முகத்தை மூடியது. அவளுக்கு யாருடைய நிறமும் தெரியவில்லை. தான் லாயக்கா இல்லையா என்று அந்தத் தண்ணீர் அவளைக் கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற எவளையும் கேட்கவில்லை. எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி விழுந்தது. சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் இப்படித்தான் இருக்கும் என்பது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது.

விசில் கேட்டது. அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

மறுபடியும் விசில். "பச்சைச் சுடிதார், போதும். வாங்க."

பச்சைச் சுடிதார் கம்பியை இறுக்கிப் பிடித்தது. முகத்தை மூடிய முடிக்குள்ளிருந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானாக ஒரு குரல் வந்தது.

"யம்மா, இன்னும் ஒரே ஒரு நிமிஷம்மா."

சொன்ன பிறகுதான் அதை அவள் கேட்டாள். தன் குரல்தான். தனக்கு வேண்டியதைத்தான் கேட்கிறது. இன்னும் ஒரு நிமிஷம் வேண்டும். அது முடிந்தால் அதற்கு மேலும் வேண்டும். கண்ணிலிருந்து வழிந்ததை அருவி வாங்கிக்கொண்டது.

ஜெயபிரியா விசிலை வாயிலிருந்து எடுத்தாள். முன்னால் நிற்பது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. கண்டிப்பும் சிரிப்பும் கலந்து, ஒரு எழுத்துப் பிசகாமல், தனக்குப் பழக்கிக் கொடுத்தவளின் அதே ராகத்தில் சொன்னாள்.

"நாளைக்கும் தண்ணி விழும். வா வெளிய."

ஆவுடைத்தாய் கம்பியை விட்டாள். முடியை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தவளைப் பார்த்ததும் ஜெயபிரியாவுக்குக் கை தானாகச் சல்யூட்டுக்குப் போனது. மன்னிக்கணும்க்கா, தெரியாமச் சொல்லிட்டேன் என்று தடுமாறினாள்.

"சரியாத்தான் சொன்ன," என்றாள் ஆவுடைத்தாய். சுடிதாரைப் பிழிந்துகொண்டே, நாளைக்குக் காலை டூட்டி தன்னுடையது என்று ஞாபகப்படுத்திவிட்டு, மகளோடு சூடாக எதையாவது தின்னப் போனாள்.